மாமியார் பெயருக்கு வந்த விண்ணப்பமும் நீங்கள் தவறவிட்ட மே மாதமும்

கேள்வி:

வணக்கம் மேடம். இருபது வருடம் டெக்சஸில் இருந்துவிட்டு, கணவருக்கு வேலை மாறியதால் பென்சில்வேனியா செஸ்டர் கவுண்டிக்கு வந்தோம். 2025 ஜனவரியில் எனக்கு சிட்டிசன்ஷிப் கிடைத்தது. உறுதிமொழி எடுத்த அன்றே வாக்காளர் பதிவு ஃபாரம் கொடுத்தார்கள். அதில் எந்தக் கட்சி என்று ஒரு கட்டம். எங்கள் குடும்ப வாட்ஸ்ஆப் குரூப்பில் என் கணவர் ஒரு கட்சி, பிளேனோவில் இருக்கும் அத்தான் (அக்கா வீட்டுக்காரர்) இன்னொரு கட்சி. எதற்கு வம்பு என்று 'எந்தக் கட்சியும் இல்லை' என்று டிக் செய்தேன். மே மாதம் என் முதல் ஓட்டைப் போடப் புதுப் புடவை கட்டிக்கொண்டு போனேன். 'உங்களுக்கு இன்றைக்கு ஓட்டு இல்லை' என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அவமானமாக இருந்தது.

நவம்பரில் போட்டேன். அதில் சில நீதிபதிகளின் பெயரைப் போட்டு ஆம், இல்லை என்று கேட்டிருந்தது. கட்சிப் பெயரே இல்லை. புரியாமல் காலியாக விட்டேன். இதை குரூப்பில் சொன்னதும் அத்தான், 'எலெக்டோரல் காலேஜ் (அதிபரைத் தேர்ந்தெடுக்கும் பிரதிநிதிகள் முறை) இருக்கும்வரை உன் ஓட்டு செல்லாக்காசு' என்றார். இங்கேயே பிறந்து இப்போது கல்லூரியில் படிக்கும் என் மகன், 'நான் மூன்றாவது கட்சிக்குத்தான் போடுவேன்' என்றான். எல்லாரும் சேர்ந்து அவனைத் திட்ட, குரூப்பை விட்டே போய்விட்டான். அக்காவும் நானும் இரண்டு மாதமாகப் பேசவில்லை.

இதற்கு நடுவே, கிரீன் கார்டில் இருக்கும் 71 வயது மாமியார் பெயருக்கு வாக்காளர் பதிவு விண்ணப்பம் தபாலில் வந்திருக்கிறது. 'கவர்மெண்டே அனுப்பியிருக்கிறது, நிரப்பிப் போட்டு வை' என்கிறார் கணவர். நான் என்ன செய்வது? (பெயர் வேண்டாம்)

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தில் கடைசியாக வந்ததற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். மற்றவை ஒரு வாரம் காத்திருக்கலாம், இது காத்திருக்காது. அந்த விண்ணப்பத்தை மாமியார் நிரப்பக் கூடாது, கையெழுத்துப் போடக் கூடாது. அவருக்காக நீங்களோ உங்கள் கணவரோ நிரப்பவும் கூடாது. உறையோடு கிழித்துப் போட்டுவிடுங்கள்.

அரசாங்கம் அனுப்பியது என்று உங்கள் கணவர் நினைத்ததில் வியப்பில்லை. உறையைப் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். ஆனால் வாக்காளர் சேர்ப்பில் இறங்கியிருக்கும் தனியார் அமைப்புகள் விலைக்கு வாங்கிய விலாசப் பட்டியலை வைத்துக்கொண்டு இப்படி வீட்டுக்கு வீடு அனுப்புவது உண்டு. யார் சிட்டிசன், யார் இல்லை என்பது அந்தப் பட்டியலில் இருக்காது. இறந்துபோனவர் பெயருக்குக்கூட வரும். உறைமேல் பெயர் இருப்பதால் ஓட்டுரிமை இருக்கிறது என்று ஆகிவிடாது.

24 ஆண்டுகளாகக் குடியேற்ற வழக்குகள் பார்த்துவருகிறேன். நான் மிகவும் பயப்படுவது இந்த ஒரு கட்டத்துக்குத்தான்: 'நீங்கள் அமெரிக்கக் குடிமகனா?' 1996-இல் குடியேற்றச் சட்டத்தில் ஒரு பிரிவைச் சேர்த்தார்கள். குடியுரிமை இல்லாதவர் அது இருப்பதாகப் பொய் சொன்னால் அவரை நாடு கடத்தலாம், திரும்பக் குடியேற வரவும் நிரந்தரத் தடை. குடியேற்றச் சட்டத்தில் பல தவறுகளுக்கு, குடும்பத்தைக் காரணம் காட்டி மன்னிப்புக் கேட்க ஒரு வழி வைத்திருப்பார்கள். இந்தத் தவறுக்கு அந்த வழியும் கிட்டத்தட்ட இல்லை. ஓட்டே போட வேண்டாம், பதிவு ஃபாரத்தில் 'ஆம்' என்று டிக் செய்தாலே இந்தப் பிரிவு கழுத்தில் வந்து விழும். பிறகு உண்மையாகவே ஓட்டும் போட்டுவிட்டால் அது தனிக் குற்றம். மத்திய அரசுத் தேர்தலில் என்றால் ஓராண்டு வரை சிறை. மாநிலச் சட்டங்கள் இதைவிடக் கடுமையாக இருக்கக்கூடும். 2017-இல் டெக்சஸின் டாரண்ட் கவுண்டியில், கைக்குழந்தையாக இந்த நாட்டுக்கு வந்து கிரீன் கார்டோடு வளர்ந்த ஒரு பெண்ணுக்கு, ஓட்டுப் போட்டதற்காக 8 ஆண்டு சிறைத் தண்டனை விதித்தார்கள். உங்கள் அத்தான் இருக்கும் பிளேனோவிலிருந்து அது ஒரு மணி நேரத் தூரம்.

வேறொரு மாநிலத்திலிருந்து ஒரு பெரியவர் என்னிடம் வந்தார். மகன் வீட்டில் பேரப்பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள வந்தவர். ஓட்டுநர் உரிமம் எடுக்கப் போன இடத்தில் கவுண்டரில் இருந்தவர் வேகமாக ஏதோ கேட்டிருக்கிறார், இவர் மரியாதைக்குத் தலையாட்டியிருக்கிறார். கையெழுத்துப் போடச் சொன்ன இடங்களிலெல்லாம் போட்டிருக்கிறார். ஒரு நாளும் ஓட்டுப் போட்டதில்லை. ஆறு வருடம் கழித்து சிட்டிசன்ஷிப்புக்கு விண்ணப்பித்தபோது, என்-400 ஃபாரத்தில் 'எப்போதாவது வாக்காளராகப் பதிவு செய்ததுண்டா?' என்ற கேள்விக்கு 'இல்லை' என்று எழுதினார். அவருக்குத் தெரிந்தவரை அது உண்மை. அதிகாரியின் மேசையில் இருந்த தாளோ வேறு சொன்னது. அந்த வழக்கு மூன்று வருடம் ஓடியது. அந்த மூன்று வருடத்தில் ஊரில் அவருடைய அண்ணன் இறந்தார். வெளியே போனால் திரும்ப விடுவார்களோ என்ற பயத்தில் அவர் சாவுக்குப் போகவில்லை.

இது எங்கோ ஒருவருக்கு நடந்த கதை என்று விட்டுவிட வேண்டாம். ஓட்டுநர் உரிம அலுவலகக் கணினித் திரைகள் சிட்டிசன் அல்லாதவர்களிடமும் வாக்காளர் பதிவுக் கேள்வியைக் காட்டிவந்தன என்பது பென்சில்வேனியாவிலேயே 2017-இல் வெளியே வந்து பெரிய செய்தியானது. அதற்குப் பிறகு முறையை மாற்றினார்கள். ஆனாலும் மாமியார் உரிமமோ அடையாள அட்டையோ புதுப்பிக்கப் போகும்போது நீங்கள் கூடவே போங்கள். கிரீன் கார்டை முதலில் நீட்டி, 'இவர் சிட்டிசன் இல்லை' என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். மேரிலாந்தில் சிட்டிசன் அல்லாதவர்கள் ஓட்டுப் போடுகிறார்கள் என்று யாராவது குரூப்பில் போட்டால், அது உண்மைதான். டகோமா பார்க் போன்ற சில சிற்றூர்களில் ஊராட்சித் தேர்தலுக்கு மட்டும் 1990-களிலிருந்து அந்த அனுமதி இருக்கிறது. உங்கள் மாநிலத்தில் இல்லை.

உங்கள் கடிதம் எனக்கு வந்து சேர்வதற்குள் அந்த ஃபாரம் தபால்பெட்டிக்குள் போயிருந்தால் பதற வேண்டாம். அவர் எந்தத் தேர்தலிலும் ஓட்டுப் போடக் கூடாது. நீங்களாகவே ரத்துக் கடிதம் எதுவும் எழுதாதீர்கள், அதில் எழுதும் ஒவ்வொரு வார்த்தையும் பிறகு சாட்சியாகும். ஊருக்குப் போக டிக்கெட் எடுக்கும் முன், சிட்டிசன்ஷிப் விண்ணப்பம் தொடும் முன், ஒரு குடியேற்ற வழக்கறிஞரை நேரில் பாருங்கள்.

இனி உங்கள் ஓட்டு.

மே மாதம் அந்தச் சாவடி வாசலில் நீங்கள் நின்ற காட்சி எனக்கு மனசைப் பிசைந்தது. இருபது வருடம் காத்திருந்து வாங்கிய உரிமை. அன்றைக்கு உங்களுக்கு ஓட்டு ஏன் இல்லை என்பதை அங்கே இருந்தவர்கள் இரண்டு நிமிடம் ஒதுக்கிச் சொல்லியிருக்க வேண்டும். நான் சொல்கிறேன்.

மே மாதம் நடந்தது பிரைமரி. நம் ஊரில் எந்தத் தொகுதியில் யாருக்குச் சீட்டு என்று கட்சித் தலைமை முடிவு செய்யும். விருப்ப மனு வாங்குவார்கள், நேர்காணல் நடத்துவார்கள், கடைசியில் பட்டியல் மேலிருந்து வரும். இங்கே அந்தச் சீட்டைக் கொடுப்பதே வாக்காளர்தான். அதற்கான தேர்தல் பிரைமரி. யாருக்கு அதில் ஓட்டு என்பதில் ஒவ்வொரு மாநிலமும் ஒரு விதம். டெக்சஸில் வாக்காளர் பதிவில் கட்சிக் கட்டமே கிடையாது. மார்ச் மாதம் சாவடிக்குப் போய், இன்றைக்கு எந்தக் கட்சியின் வாக்குச்சீட்டில் போடுகிறேன் என்று அங்கேயே சொன்னால் போதும். பென்சில்வேனியாவில் அப்படி இல்லை. ஜனநாயகக் கட்சியின் பிரைமரியில் அந்தக் கட்சி என்று பதிந்தவர் மட்டும், குடியரசுக் கட்சியின் பிரைமரியில் அந்தக் கட்சிக்காரர் மட்டும். 'எந்தக் கட்சியும் இல்லை' என்று டிக் செய்தபோது நீங்கள் சண்டையிலிருந்து ஒதுங்கியதாக நினைத்தீர்கள். உண்மையில் சீட்டு கொடுக்கும் உரிமையை மற்றவர்களுக்கு விட்டுக்கொடுத்துவிட்டீர்கள். உங்களைப் போல 10 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் இந்த மாநிலத்தில் இருக்கிறார்கள். அவர்களுக்கு மே மாதத்தில் ஓட்டு கிடைப்பது, 2021 மே மாதம் ஆளுநரின் அவசரநிலை அதிகாரத்தைக் குறைப்பது பற்றிக் கேட்டதுபோல, எல்லா வாக்காளர்களிடமும் பொதுவாக ஒரு கேள்வி வைக்கும்போதோ, அதே நாளில் ஓர் இடைத்தேர்தல் வரும்போதோதான்.

நீங்கள் தவறவிட்ட அந்த 2025 மே, அதிபர் பெயரே இல்லாத மே. அதனால் குரூப்பில் அதைப் பற்றி ஒருவரும் பேசியிருக்க மாட்டார்கள். ஆனால் பள்ளி வாரியத்துக்கான தேர்தல் அது. உங்கள் வீட்டு வரியில் பெரும்பங்கு பள்ளி வரி. அதை எவ்வளவு வைப்பது, பள்ளி நூலகத்தில் எந்தப் புத்தகம் இருக்கலாம், கண்காணிப்பாளராக யாரை நியமிப்பது என்பதையெல்லாம் முடிவு செய்வது அந்த 9 பேர் கொண்ட வாரியம். உங்களுக்கு அதிகத் தூரமில்லாத பக்ஸ் கவுண்டியில், சென்ட்ரல் பக்ஸ் பள்ளி மாவட்டத்தில் நூலகப் புத்தகங்களை வைத்து இரண்டு வருடம் ஊரே இரண்டுபட்டது. 2023 நவம்பரில் தேர்தலுக்கு வந்த ஐந்து இடங்களும் ஒரே கட்சிக்குப் போய் வாரியம் கைமாறியது. இதில் இன்னொரு நுட்பம் உண்டு. பள்ளி வாரியத்துக்கும் சில நீதிபதிப் பதவிகளுக்கும் போட்டியிடுபவர், இந்த மாநிலத்தில் இரண்டு கட்சிகளின் பிரைமரியிலும் ஒரே நேரத்தில் நிற்கலாம். இரண்டிலும் ஜெயித்துவிட்டால் நவம்பர் வாக்குச்சீட்டில் இரண்டு கட்சியின் பெயரும் அவருக்குத்தான். மே மாதமே கதை முடிந்துவிடும்.

அந்த நீதிபதிப் பதவிகளில் ஒன்று மாவட்டக் கீழமை நீதிபதி. டிராஃபிக் டிக்கெட், வாடகைத் தகராறு, 12,000 டாலர் வரையிலான பண வழக்கு எல்லாம் அவர் முன்தான் வரும். அவர் சட்டம் படித்திருக்க வேண்டும் என்ற கட்டாயம்கூடக் கிடையாது, பயிற்சி முடித்துத் தேர்வில் தேறினால் போதும். பதவி ஆறு வருடம். நம்மவர்களில் எத்தனையோ பேர் இந்த நாட்டில் ஒரு நீதிபதி முன்னால் நிற்பது வாழ்நாளில் ஒரே ஒரு தடவை, அதுவும் இவர் முன்னால்தான்.

ஆகவே கட்சிக் கட்டத்தை நிரப்புங்கள் என்பதுதான் என் ஆலோசனை. எந்தக் கட்சி என்று நான் சொல்ல மாட்டேன், சொல்லவும் கூடாது. இரண்டில் எதன் வேட்பாளரைத் தேர்ந்தெடுப்பதில் உங்களுக்கு அக்கறை அதிகமோ அதைப் போடுங்கள். அது திருமணப் பதிவு இல்லை. நவம்பரில் நீங்கள் யாருக்கு வேண்டுமானாலும் போடலாம், அடுத்த வருடம் கட்சியை மாற்றியும் கொள்ளலாம். தங்கள் பகுதியில் ஒரே கட்சிதான் எப்போதும் ஜெயிக்கிறது என்பதற்காக அந்தக் கட்சியில் பதிந்து பிரைமரியில் போடுகிறவர்களைச் சிலர் ஏமாற்றுக்காரர்கள் என்பார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. தன்னை ஆளப்போகிறவர் யார் என்பதில் ஒரு சொல் சொல்ல ஆசைப்படுவது நியாயமானதுதான். 2026-இல் பென்சில்வேனியா பிரைமரி மே 19. கட்சியைப் பதிவதற்கோ மாற்றுவதற்கோ கடைசி நாள் அதற்கு 15 நாள் முன்பு, அதாவது மே 4. இணையத்திலேயே பத்து நிமிட வேலை.

நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் பலர் என்னிடம் கேட்பதால் சொல்கிறேன். வாக்காளர் பட்டியல் பொது ஆவணம். நீங்கள் எந்தக் கட்சியில் பதிந்திருக்கிறீர்கள், எந்தெந்தத் தேர்தலில் போய் ஓட்டுப் போட்டீர்கள் என்பதை யாரும் பார்க்கலாம். யாருக்குப் போட்டீர்கள் என்பது மட்டும் யாருக்கும் தெரியாது. நாளை நீங்கள் உங்கள் பெற்றோருக்கோ உடன்பிறந்தவர்களுக்கோ கிரீன் கார்டு மனுப் போட்டால் இந்தக் கட்சிப் பதிவை அதில் கேட்பதில்லை. குடியேற்ற ஃபாரங்கள் பெயர் சொல்லிக் கேட்கும் கட்சி கம்யூனிஸ்டுக் கட்சிதான். ஊரில் கட்சி அட்டை வைத்திருந்தவர்கள் அந்தக் கேள்விக்குப் பதில் எழுதும் முன் ஒரு வழக்கறிஞரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

நவம்பரில் நீங்கள் காலியாக விட்ட அந்த ஆம், இல்லை கேள்வியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். அத்தான் சொன்ன 'செல்லாக்காசு'க்கும் அதில் பதில் இருக்கிறது.

பென்சில்வேனியா உச்ச நீதிமன்றத்தில் 7 நீதிபதிகள். முதல் தடவை கட்சிப் பெயரோடு தேர்தலில் நின்று ஜெயிக்கிறார்கள். 10 ஆண்டு முடிந்ததும் எதிர்ப் போட்டியாளர் இல்லாமல், கட்சிப் பெயரும் இல்லாமல், 'இவரே தொடரலாமா?' என்று மட்டும் மக்களிடம் கேட்கிறார்கள். 2025 நவம்பரில் அப்படிக் கேட்கப்பட்ட மூவர் கிறிஸ்டின் டோனஹ்யூ, கெவின் டோஹர்டி, டேவிட் வெக்ட். மூவரையும் மக்கள் தொடரவிட்டார்கள். இந்த மூவரும் முதலில் ஜெயித்தது 2015-இல், ஜனநாயகக் கட்சி வேட்பாளர்களாக. அதுவும் அதிபர் தேர்தல் இல்லாத வருடம். பெரும்பாலானவர்கள் வீட்டிலேயே இருந்துவிட்ட தேர்தல். அந்த ஒரே நாளில் மூன்று இடங்களும் ஒரே கட்சிக்குப் போய், நீதிமன்றத்தில் பெரும்பான்மை மாறியது.

அதன் பிறகு நடந்ததைப் பாருங்கள். 2018 ஜனவரியில் அதே நீதிமன்றம், மாநிலத்தின் நாடாளுமன்றத் தொகுதி வரைபடம் ஒரு கட்சிக்குச் சாதகமாக வளைத்து வரையப்பட்டது, மாநில அரசமைப்புக்கு விரோதம் என்று தீர்ப்புச் சொல்லி, பிப்ரவரியில் புதிய வரைபடத்தைத் தானே கொடுத்தது. 2016 தேர்தலில் பழைய வரைபடத்தில் 18 இடங்களில் குடியரசுக் கட்சிக்கு 13, ஜனநாயகக் கட்சிக்கு 5. 2018 நவம்பரில் புதிய வரைபடத்தில் 9-க்கு 9. நீதிமன்றம் செய்தது நியாயமா, அத்துமீறலா என்று இரண்டு கட்சிக்காரர்களும் இன்றும் வாதாடுகிறார்கள். குரூப்பில் அதையும் வாதாடலாம், தவறில்லை. ஆனால் வாஷிங்டனில் யார் உட்காருவது என்பதை மாற்றியது, ஒருவரும் கவனிக்காத ஓர் ஒற்றைப்படை வருடத்து நீதிபதித் தேர்தல். நீங்கள் காலியாக விட்டது அந்த வரியை. அடுத்த தடவை விடாதீர்கள். தேர்தலுக்கு முன்பே உங்கள் கவுண்டி இணையதளத்தில் மாதிரி வாக்குச்சீட்டு வந்துவிடும். அதைப் பதிவிறக்கி, சாப்பாட்டு மேசையில் வைத்து, தெரியாத ஒவ்வொரு பெயரையும் தேடிப் பார்த்துக் குறித்துக்கொண்டு போங்கள். முன்பு பென்சில்வேனியாவில் ஒரே கட்டத்தைத் தொட்டால் வாக்குச்சீட்டு முழுவதும் ஒரே கட்சிக்கு விழும் வசதி இருந்தது. 2019-இல் அதை எடுத்துவிட்டார்கள். இப்போது ஒவ்வொரு பதவிக்கும் தனியாக யோசிக்க வேண்டும். எனக்கு அது பிடித்திருக்கிறது.

எலெக்டோரல் காலேஜ் பற்றி அத்தான் சொன்னதில் உண்மை இல்லாமல் இல்லை. அதிபரைத் தேர்ந்தெடுப்பது 538 பிரதிநிதிகள். 270 கிடைத்தவர் அதிபர். ஏறத்தாழ எல்லா மாநிலங்களிலும் முதலில் வந்தவருக்கே மாநிலத்தின் மொத்தப் பிரதிநிதிகளும். 2016-இல் ஹிலாரி கிளிண்டன் நாடு முழுக்க 28 லட்சத்துக்கும் அதிகமான ஓட்டு கூடுதலாக வாங்கியும் தோற்றார். இதெல்லாம் சரி. ஆனால் இதை அவர் பென்சில்வேனியாக்காரரான உங்களிடம் சொன்னதுதான் பொருந்தவில்லை. அதே 2016-இல் உங்கள் மாநிலத்தில் டிரம்ப் ஜெயித்த வித்தியாசம் 44,292 ஓட்டு. மாநிலத்தில் 9,000-க்கும் அதிகமான வாக்குச்சாவடிகள் இருக்கின்றன. கணக்குப் போட்டால் சாவடிக்கு ஐந்து ஓட்டு. உங்களை மே மாதம் திருப்பி அனுப்பிய அந்தச் சாவடி வரிசையில் முன்னால் நின்ற ஐந்து பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னும் கீழே இறங்கினால் எண் இன்னும் சிறுக்கும். 2017-இல் வர்ஜீனியா சட்டமன்றத்தின் 94-ஆவது தொகுதியில் இரண்டு வேட்பாளர்களுக்கும் சரியாக 11,608 ஓட்டு. 2018 ஜனவரியில் ஒரு கிண்ணத்தில் இரண்டு பெயர்களைப் போட்டுக் குலுக்கி எடுத்தார்கள். வந்த பெயர் டேவிட் யான்சி. அவருடைய குடியரசுக் கட்சிக்கு அவையில் 51-49 என்று பெரும்பான்மை நின்றது. அந்தத் தொகுதியில் அன்றைக்கு யாரோ ஒருவர் மழை என்றோ வேலை என்றோ வீட்டிலேயே இருந்திருப்பார்.

உங்கள் மகனுக்கு வருகிறேன். அவனைத் திட்டியவர்கள் கையில் எண்கள் இருக்கின்றன, மறுக்க முடியாது. 2000-இல் ஃப்ளோரிடாவில் புஷ் ஜெயித்தது 537 ஓட்டில். அங்கே மூன்றாவதாக நின்ற ரால்ஃப் நேடருக்கு 97,488. 2016-இல் பென்சில்வேனியாவில் பசுமைக் கட்சியின் ஜில் ஸ்டெய்னுக்குக் கிடைத்த 49,941, ஜெயித்த வித்தியாசத்தைவிட அதிகம். ஆனால் அந்த ஓட்டெல்லாம் இன்னொருவருடைய வீட்டுச் சொத்து, அதை இந்தப் பிள்ளைகள் திருடிவிட்டார்கள் என்று பேசுவது தவறு. அவர்களில் பலர் மூன்றாவது ஆள் இல்லையென்றால் வீட்டிலேயே இருந்திருப்பார்கள், சிலர் எதிர்ப்பக்கம் போயிருப்பார்கள். ஓட்டு அவனுடையது. என் கருத்தைக் கேட்டால், வித்தியாசம் இவ்வளவு குறுகலாக இருக்கும் மாநிலத்தில் நவம்பரில் நான் மூன்றாவது கட்சிக்குப் போட மாட்டேன். இரண்டில் எது வந்தால் யாருக்கு என்ன ஆகும் என்று என் வாசலில் வந்து நிற்பவர்களைப் பார்த்தே எனக்குத் தெரியும். அவனுடைய கோபத்துக்குச் சரியான இடம் பிரைமரி. அங்கே கட்சிக்குள்ளேயே தனக்குப் பிடித்தவரைத் தூக்கிவிட முடியும். மெய்ன், அலாஸ்கா மாநிலங்களில் வேட்பாளர்களை 1, 2, 3 என்று வரிசைப்படுத்தி ஓட்டுப் போடும் முறை இருக்கிறது. அங்கே இருந்தால் அவன் முதல் இடத்தை மனசுக்குப் பிடித்தவருக்கும் இரண்டாவதை ஜெயிக்கக்கூடியவருக்கும் கொடுத்திருப்பான். பென்சில்வேனியாவுக்கும் அது வேண்டும் என்று கேட்க அவனுக்கு வயதிருக்கிறது. இவ்வளவையும் நீங்களே அவனுக்கு ஃபோன் செய்து சொல்லுங்கள். குரூப்பில் எழுதாதீர்கள். எல்லாரும் அவனைத் திட்டியபோது நீங்கள் பேசாமல் இருந்தது அவனுக்கு உறைத்திருக்கும், அதையும் ஒப்புக்கொள்ளுங்கள்.

குரூப்பில் இன்னொரு பேச்சும் ஓடியிருக்கும் என்று ஊகிக்கிறேன்: 'நம்ம ஆளுக்குப் போடணும்.' கமலா ஹாரிஸின் தாய்வழிப் பூர்வீகமான துளசேந்திரபுரத்தில் அவருக்காகப் பூஜை நடந்ததை நாமெல்லாம் பார்த்தோம், எனக்கும் நெஞ்சு நிறைந்தது. 2024-இல் குடியரசுக் கட்சியின் அதிபர் வேட்பாளராக முயன்ற விவேக் ராமசாமியின் வீட்டிலும் தமிழ்தான். சென்னையில் பிறந்த பிரமிளா ஜெயபால் நாடாளுமன்றத்தில் இடதுசாரி அணியில் இருக்கிறார். இவர்களை ஒரே மேசையில் உட்கார வைத்தால் வரி, குடியேற்றம், மருத்துவக் காப்பீடு ஆகிய மூன்றில் ஒன்றில்கூட ஒத்துப்போக மாட்டார்கள். பெருமைப்படுங்கள், ஆனால் மாமியாரின் மெடிக்கேர் (முதியோருக்கான அரசு மருத்துவக் காப்பீடு), மகனின் கல்விக்கடன், உறவினரின் விசா என்று உங்கள் வீட்டுக் கணக்கை வைத்து ஓட்டைத் தீர்மானியுங்கள்.

கடைசியாக, அக்கா. இரண்டு மாதம் என்பது நீளம். சண்டை அதிபர் பெயரில் நடப்பதால் அதற்கு முடிவே வராது, அதை உங்கள் குடும்பத்தில் யாராலும் தீர்க்கவும் முடியாது. அத்தானிடம் அவருக்குத் தெரிந்த, நீங்களும் இருபது வருடம் வாழ்ந்த இடத்தைப் பற்றிக் கேளுங்கள். டெக்சஸில் 2026 பிரைமரி மார்ச் 3. அதில் செனட்டர் ஜான் கார்னினுக்கு அவருடைய குடியரசுக் கட்சியிலேயே போட்டி, மாநில அட்டர்னி ஜெனரல் (அரசுத் தலைமை வழக்கறிஞர்) கென் பேக்ஸ்டன். அங்கே பாதிக்கு மேல் ஓட்டு யாருக்கும் வராவிட்டால் முதல் இருவருக்கும் மே 26 மறுசுற்று. 2012-இல் முதல் சுற்றில் டேவிட் டியூஹர்ஸ்டுக்குப் பத்துப் புள்ளி பின்தங்கி இரண்டாவதாக வந்த டெட் குரூஸ், ஜூலை மாத மறுசுற்றில் ஜெயித்து செனட்டுக்குப் போனார். டெக்சஸ் வெயிலில் மறுசுற்றுக்கு வந்து வரிசையில் நின்றவர்கள்தான் அதை முடிவு செய்தார்கள். செனட்டுக்கு மாநில மொத்த ஓட்டுதான் கணக்கு, எலெக்டோரல் காலேஜ் கிடையாது. அந்தப் பிரைமரியில் அத்தானின் ஓட்டு யாருக்கு, ஏன், கவுண்டி நீதிபதிக்கு யார் யார் போட்டி என்று கேளுங்கள். அவருக்குத் தெரியாவிட்டால் இரண்டு பேரும் சேர்ந்து தேடுங்கள்.

அக்காவிடம் அரசியலே பேச வேண்டாம். மாமியாருக்கு இப்படி ஒரு விண்ணப்பம் வந்தது, அத்தான் வீட்டில் கிரீன் கார்டில் யாராவது பெரியவர்கள் இருந்தால் அவர்களுக்கும் வந்திருக்கலாம், தொட வேண்டாம் என்று சொல்லுங்கள். அதை இன்றைக்கே சொல்ல வேண்டும், அதனால் கூப்பிடக் காரணமும் கிடைத்துவிட்டது.